நூத்தியெட்டுங்களா?

ஒண்டிக்கடை தாண்டி இடப்பக்கம் ஏறினால்
சில்வர் ஓக் மரங்களுக்கு நடுவே அந்த லாட்ஜ்.
இருபது வளைவிலும் என் ஸ்கூட்டர் இருமியது.
பையில் லேப்டாப், கிரிம்பிங் கருவி,
அஸ்தம்பட்டியில் கட்டி வாங்கிய எலுமிச்சை சாதம்.

புகார் ஒரு வரிதான்:
"ஒரே நம்பரு, ரெண்டு போனு, ரெண்டு எடத்துக்குப் போவுது."

மேனேஜர் ஃபெலிக்ஸ் முதலில் கேபிளைச் சந்தேகித்தார்.
பிறகு மழையை.
பிறகு குரங்கை.
(குரங்கு ஏற்கெனவே ஒருமுறை மாட்டியிருக்கிறது.)

ரிசப்ஷனில் பழைய சாம்பல் பெட்டி.
மேல் பிளாக்கில் போன மாதம் வாங்கிய வெள்ளைப் பெட்டி.
சர்வர் ஒன்று, பாஸ்வேர்டு ஒன்று,
டயல் பிளான் மட்டும்
ஆளுக்கொரு இலக்கணம்.

சாம்பலில் எவனோ எழுதி வைத்துப் போயிருந்தான்:
ஒன்றில் தொடங்கி மூன்று இலக்கமா, அறைதான்,
யோசிக்காதே, அனுப்பு.
வெள்ளைக்கு அறைகள் இருப்பதே தெரியாது.
மூன்றாவது இலக்கத்துக்குப் பிறகும்
நான்கு நொடி வாயைப் பார்த்துக்கொண்டு நிற்கும்,
இன்னும் ஏதாவது சொல்வாயோ என்று.
பிறகுதான் வெளியே தள்ளும்.

"அது குறில், இது நெடில், அவ்வளவுதான்" என்றேன்.
"பில்லில் அப்படி எழுத முடியாதே" என்றார் ஃபெலிக்ஸ்.

விஷயத்தைச் சொன்னது வாட்ச்மேன் பொன்னுரங்கம்,
பீடியைக் காதில் சொருகிக்கொண்டு.

போன செவ்வாய் ராத்திரி
பலாக்காய் வெட்டிக்கொண்டிருந்த செவத்தியானுக்குக்
கத்தி வழுக்கி மணிக்கட்டில் இறங்கியது.
ஓடிப்போய் ரிசப்ஷன் போனில் ஒன்று, பூஜ்யம், எட்டு.

"நூத்தியெட்டுங்களா?"
"ஆமாங்க, நூத்தியெட்டுதான்." தூக்கக் குரல்.
"வெரசா வாங்க, ரத்தம் நிக்க மாட்டேங்குது."
"எங்கீங்க வரணும்?"
"கீழ, சமையக்கட்டுக்கு."

வந்தது.
ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை,
கட்டம்போட்ட லுங்கியில்
ஒற்றைச் செருப்போடு வந்தது.
ஜவ்வரிசி ஆலைகளுக்கு பெல்ட் விற்கிற அர்த்தநாரி,
அறை எண் நூற்றெட்டு.
துண்டைக் கிழித்துக் கட்டி,
தன் காரிலேயே ஏற்றி,
பனியில் வளைவு வளைவாக இறக்கி,
சேலம் பெரியாஸ்பத்திரி வாசலில் நிறுத்திய பிறகுதான்
கேட்டாராம்:
"ஆமா, என்னைய எதுக்குங்க கூப்ட்டீங்க?"

செவத்தியான் காபி கொண்டுவந்தார்,
தட்டை ஒற்றைக் கையில் தாங்கி.
ஏழு தையல் என்று அவராகச் சொல்லவில்லை,
நான்தான் எண்ணினேன்.

திருத்தினேன்.
நூறு, நூற்றொன்று, நூற்றெட்டு
எதற்கும் காத்திருக்காமல் வெளியே.
அறைகளுக்கு முன்னால் ஒரு இரண்டு.
கதவில் பித்தளை எண்களை மாற்ற ஃபெலிக்ஸ் சம்மதிக்கவில்லை,
போனில் மட்டும்தான்.
(நூற்றொன்று, ஏரி தெரிகிற தேனிலவு அறை.
இத்தனை வருஷம் இந்த ரிசப்ஷனுக்கு
தீயணைப்பு நிலையமும் அதுதான்.)
இரண்டு பெட்டியிலும் ஒரே வரி,
புள்ளி பிசகாமல்.

சோதிக்க வேண்டும்.
அவசர எண்ணைச் சும்மா அடிக்கக் கூசியது.
ஒரே ஒரு முறை.

"எந்த ஊருங்க?"
"ஏற்காடு."
"என்ன ஆச்சுங்க?"
"ஒண்ணும் ஆகலைங்க. லைன் சரிபார்க்கிறேன்."
கொஞ்சம் மௌனம்.
"ஒண்ணும் ஆகலைன்னா சந்தோஷம்ங்க" என்று வைத்தாள்.
எனக்கு அன்றைக்குக் கிடைத்த நல்ல வார்த்தை அது.

பொன்னுரங்கம் பக்கத்திலேயே நின்றிருந்தார.
"இனி நெசமான நூத்தியெட்டே வருமா?"
"வரும்."
"எத்தன நிமிசத்துல?"

கண்ணாடிக்கு வெளியே பனி.
எதிரில் நிறுத்திய என் ஸ்கூட்டரே தெரியவில்லை.
வண்டி அன்றைக்கு அடிவாரத்தில் நின்றால்
இருபது வளைவு,
அதற்கு நான் எந்தப் பெட்டியிலும்
விதி எழுத முடியாது.

அவர் ஒரு கரித்துண்டை எடுத்து
போனுக்கு மேலே சுவரில் எழுதினார்: 108.
அதற்குக் கீழே, என்னைக் கேட்டுக்கேட்டு,
2108.

"அர்த்தநாரி காலி பண்ணிட்டுப் போய் நாலு நாளாச்சுய்யா"
என்றார் ஃபெலிக்ஸ்.

"யாராச்சும் இருப்பாங்கல்லீங்க."